வளர விட்ட அளவு

தெருவில் யாருக்கும் காஜாக்காவின் சொந்தப் பெயர் தெரியாது. அது ஆஸ்பத்திரிச் சீட்டில் மட்டும் இருந்தது. பட்டன் நுழைகிற ஓட்டையைக் கத்தரித்து, அதன் ஓரத்தை நூலால் நெருக்கிக் கட்டுவதற்குக் காஜா போடுவது என்று பெயர். அதற்கு மிஷின் வந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. ஆனாலும் மாஸ்டர் கடையில் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு போகிறவர்கள், நாலு பேர் முன்னால் வேண்டுமென்றே பட்டனைக் கழற்றி மறுபடி போட்டுக்கொள்வார்கள். அப்படி ஒரு கை அவளுக்கு.

மாஸ்டர் அவள் புருஷன். வெட்டுவது அவர், மிஷின் ஓட்டுவது அவருடைய தங்கை, காஜாவும் பட்டனும் ஓரம் மடிப்பதும் இவள். முன்னறை கடை, நடு அறை வீடு, பின்னறை அடுப்படி என்று மூன்றே அறைகளில் பிழைப்பு, குடித்தனம், சண்டை, சமாதானம் எல்லாம் நடந்தன. பிள்ளைகுட்டி இல்லை. நாத்தனார் புருஷனை விட்டுவிட்டு ஒரே ஒரு பெட்டியோடு வந்தவள். வந்து பதினோரு வருடமாகியும், “அடுத்த மாசம் தனியாப் போயிடுவேன் அண்ணி” என்று சொல்லிக்கொண்டிருப்பாள். “எந்த வருஷத்து அடுத்த மாசம்?” என்று இவள் கேட்பாள். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே ஒரே தட்டில் ரொட்டியைப் பிய்த்துத் தின்பார்கள்.

கடைக்கு நம்பிக்கையான வேலை பள்ளிக்கூடச் சீருடைதான். பள்ளி திறக்கிற காலத்தில் தாய்மார்கள் பிள்ளைகளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்துவார்கள். “வளர்ற புள்ள மாஸ்டர், கொஞ்சம் விட்டுத் தைங்க” என்பார்கள். மாஸ்டருக்கு அதைச் சொல்லவே வேண்டாம். காலுக்கு நாலு விரல், கைக்கு இரண்டு விரல் உள்ளே மடித்து வைத்துத்தான் தைப்பார். பிள்ளை வளர வளரத் தையலைப் பிரித்து இறக்கிக்கொள்ளலாம். இருக்கிற அளவை மட்டும் எழுதிக்கொள்ளுகிறவன் டெய்லரே இல்லை என்பது அவர் கட்சி.

காஜாக்காவின் நோய் கண்ணில்தான் ஆரம்பித்தது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு காலையில், ஊசியில் கோத்த ஒற்றை நூல் இரண்டாகத் தெரிந்தது. கண்ணாடிக் கடைக்காரன் கண்ணாடி கொடுத்தான். ஒரு மாதத்தில் தானாகவே சரியாயிற்று. கண்ணாடிதான் காரணம் என்று அவனுக்கு ஒரே பெருமை. அப்புறம் விரல் நுனியெல்லாம் மரத்தது. ஒரு டாக்டர் சத்து மாத்திரை எழுதினார். அப்புறம் இடுப்புக்குக் கீழே இறுக்கமாக ஒரு துணியைச் சுற்றிக் கட்டினதுபோல இருந்தது. இன்னொரு டாக்டர், குழந்தை இல்லாத ஏக்கம் உடம்பில் இறங்கியிருக்கிறது, மனதைச் சந்தோஷமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். நல்ல நாள் என்றால் தெருக்கோடி வரை போய் வருவாள். ஆகாத நாள் என்றால் அடுப்படிக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போவாள். காலையில் ஓடி ஆடியவள் சாயங்காலம் உட்கார்ந்துவிட்டால் பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள்? நடிப்பு என்றார்கள். அவளுக்கே சில நாள் அந்தச் சந்தேகம் வந்ததுதான் கொடுமை.

நாலு வருடம் இப்படிப் போனபிறகு, பெரிய ஆஸ்பத்திரியில் படமெடுத்துப் பார்த்து மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் என்று பெயர் சொன்னார்கள். நரம்பின் மேலுறை அங்கங்கே உரிந்து போகிற நோய். அடியோடு போக்க மருந்து இல்லை, அடுத்தடுத்து வரும் தாக்குதலைக் குறைக்கத்தான் ஊசி உண்டு என்றார்கள். அவள் வீட்டுக்கு வந்து நாத்தனாரிடம், “துணி நல்லாத்தான் இருக்குதாம். லைனிங்தான் பிஞ்சு போச்சாம்” என்றாள். ஒரு பெயர் கிடைத்ததே அவளுக்குப் பாதி வைத்தியமாக இருந்தது.

நரம்பு டாக்டர் மாதத்தில் இரண்டு புதன்கிழமைதான் வருவார். இரண்டு பஸ் மாற வேண்டும். ஊசி அரசாங்கத் திட்டத்தில் ஆஸ்பத்திரி மருந்தகத்திலேயே கிடைத்தது. வருடத்துக்கு ஒரு முறை ஒரு கமிட்டி எல்லாருடைய காகிதங்களையும் பார்த்து, யாருக்குத் தொடர்வது என்று முடிவு செய்யும். வீட்டில் கூட இருக்கிறவர் ஒரு படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் காகித வேலை முழுக்க மாஸ்டருடையது. அவளை அலைய விடமாட்டார். மாதாமாதம் ஊசி வாங்கி வருவதும் போடுவதும் அவரே. திங்கள், புதன், வெள்ளி சாயங்காலம் ஆறு மணிக்குக் கத்தரிக்கோலை வைத்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வருவார். வாழ்நாளெல்லாம் ஊசியோடு பிழைத்தவளுக்கு அந்த ஊசியை மட்டும் பார்க்க ஆகாது. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு மேல்கையைக் கொடுப்பாள்.

போட்ட இடம் சிவந்து தடித்து இரண்டு நாள் அரிக்கும். மூன்று மாதத்துக்கு மேலாக அந்தத் தடிப்பு வரவில்லை.

“உங்க கை நல்லாப் பழகிடுச்சுங்க” என்று ஒரு வெள்ளிக்கிழமை சொன்னாள். “முன்னெல்லாம் எப்படி அரிக்கும்! இப்ப எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்ல.”

“உடம்பும் பழகும்ல” என்றார் மாஸ்டர், பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு.

“கேட்டியாடி, உங்கண்ணன் இனிமே தையலை விட்டுட்டு டாக்டராயிடலாம்.”

முன்னறையில் நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டு மிதியை அழுத்தினாள். மிஷின் கடகடவென்று ஓடிற்று.

அதற்கு மூன்றாவது வாரம் ஒரு மொத்த ஆர்டர். இஸ்திரிப் பெட்டியின் சூடு அறையெல்லாம் அடைத்துக்கொண்டு நின்றது. சூடு அவளுக்கு ஆகாது. எப்போதும் ஈரத்துணியைக் கழுத்தில் சுற்றிக்கொண்டுதான் வேலை செய்வாள். அன்றைக்கு ஈரத்துணியும் உதவவில்லை. எழுந்தபோது இடது கால் தரையில் பதியவேயில்லை. மறுநாள் இடது கண்ணில் சாம்பல் நிறமாக ஒரு படலம் இறங்கிற்று. காஜா போடக் கோட்டை எடுத்தவள், கத்தரித்த ஓட்டை எங்கே இருக்கிறதென்று விரலால் தடவித் தேடினாள். தாக்குதல் வந்தால் உடனே வர வேண்டும் என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார். மாஸ்டர், புதன்கிழமை வரட்டும், வெயிலில் அலைந்தால் இன்னும் கூடும் என்றார். மூன்று புதன்கிழமை அப்படிப் போயிற்று. நாலாவது புதன்கிழமை அவள் தானே ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு வாசலில் போய் நின்றாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தார்.

ஆஸ்பத்திரியில் லிஃப்ட் பழுது. நரம்புப் பிரிவு இரண்டாவது மாடி. நடக்க முடியாதவர்கள் வருகிற இடத்தை மாடியில் வைத்த மகராசன் யாரோ! மாஸ்டர் தோளைக் கொடுத்துப் படிப்படியாக ஏற்றினார். மேலே போனதும் அவளுக்கு மூச்சு வாங்கியது. “டீ வாங்கிட்டு வரேன்” என்று அவர் மறுபடி இறங்கிப் போய்விட்டார்.

டாக்டர் அம்மாவுக்குச் சின்ன வயது. முழங்காலைத் தட்டினார், கண்ணில் வெளிச்சம் அடித்தார், உள்ளங்காலைக் கீறிப் பார்த்தார். முகம் வாடிப் போயிற்று.

“ஊசி விடாமப் போடறீங்களாம்மா?”

“ஒரு நாள் தப்பினதில்ல டாக்டர். எங்க வீட்டுக்காரர் காய்ச்சல்ல கிடந்தப்பகூட எழுந்து வந்து போட்டாரு.”

“அப்படீன்னா மருந்து கேக்கலைன்னுதான் அர்த்தம். இனி இது உங்களுக்கு ஆகாது. இதைவிட வலுவான ஒண்ணு இருக்கு. ஆனா அது உடம்போட எதிர்ப்புச் சக்தியையே இறக்கிடும். அபூர்வமா சில பேருக்கு மூளையில கிருமி தாக்கும். இப்ப உங்களுக்கு வேற வழி தெரியல. வீட்ல மிச்சம் இருக்கிற ஊசியைத் திருப்பிக் கொடுத்துடுங்க. மருந்தகத்துல ஒரு சீட்டு வாங்கிட்டு வாங்க, அட்மிஷன் போட்டுடலாம்.”

மருந்தக ஜன்னல் அதே மாடியில், தாழ்வாரத்தின் கோடியில் இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தாள். உள்ளே இருந்த பெண் அட்டையை வாங்கிக் கம்ப்யூட்டரைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள்.

“எதைத் திருப்பிக் கொடுக்கப் போறீங்கக்கா? நீங்கதான் அஞ்சு மாசமா ஊசியே வாங்கலையே?”

“வேற யாரோடதையோ பார்க்கிறீங்க.”

“உங்க பேர்தான், உங்க நம்பர்தான். கமிட்டி நிறுத்திடுச்சு. வீட்டுக்கு லெட்டர் வந்திருக்கும்.”

“லெட்டரா? எனக்கு ஒண்ணும் வரலையே!”

“கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்காங்களே.” அந்தப் பெண் அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து, ஜன்னல் வழியாகத் திருப்பிக் காட்டினாள்.

அவளுக்கு இடது கண் தெரியவில்லை. வலது கண்ணை இடுக்கிக்கொண்டு படித்தாள். அளவு நோட்டில் இருபது வருடமாகப் பார்த்த கையெழுத்து. உருண்டை உருண்டையான எண்கள். ஊன்றுகோலோடு நூறு மீட்டர் நடக்கிறாரா என்ற இடத்தில், இல்லை. வீட்டுக்குள் நடக்கிறாரா, இல்லை. சக்கர நாற்காலியில் இருக்கிறாரா, ஆம். தானாகச் சாப்பிடுகிறாரா, இல்லை. கடைசியில் மாஸ்டரின் கையெழுத்து. அதைப் போடும்போது அவள் தன் காலால் நடந்து இவருக்கு டீ போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்திருப்பாள்.

“நடக்கிறவங்களுக்குத்தான்க்கா இந்த ஊசி” என்றாள் அந்தப் பெண், குரலைத் தாழ்த்தி. “நடை சுத்தமாப் போயிட்டா பிரயோஜனம் இல்லைன்னு நிறுத்திடுவாங்க. அதான் ரூல். ஆனா நீங்க நடந்துல்ல வந்து நிக்கிறீங்க?”

மாஸ்டர் இரண்டு கையிலும் டீ டம்ளரோடு தாழ்வாரத்தில் வந்துகொண்டிருந்தார். ஜன்னலில் விரித்திருந்த காகிதத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார். டீ தளும்பி அவர் விரலில் வழிந்தது. அதை அவர் உதறக்கூட இல்லை.

“இது நீங்க எழுதினதா?”

“உக்காரு. முதல்ல உக்காரு, சொல்றேன்.”

“நின்னுக்கிட்டே கேக்கறேன். நான் நிக்கிறதை நீங்களும் நல்லாப் பாருங்க.”

அவர் டம்ளர்களை ஜன்னல் கட்டையில் வைத்தார். “இது வளர்ற நோய்னு அன்னிக்கு டாக்டரே சொன்னாங்க இல்ல? வருஷா வருஷம் உன்னை இழுத்துட்டு வந்து நடக்க வைக்கணுமேன்னு இருந்துச்சு. ஆபீஸ்காரங்ககிட்ட இருக்கிறதை இருக்கிறபடி சொன்னா எதுவும் கிடைக்காது. கொஞ்சம் விட்டு எழுதினா உதவி கூடுதலாக் கிடைக்கும், நோய் கூடினாலும் திரும்ப எழுத வேணாம்னு நினைச்சேன். மருந்தை நிறுத்துவாங்கன்னு சத்தியமா எனக்குத் தெரியாது.”

“விட்டு எழுதினீங்களா?” அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் உடம்பெல்லாம் கூசிற்று. “பள்ளிக்கூடத்துப் புள்ளைக்கு நாலு விரல் விடற மாதிரி, எனக்கும் விட்டு அளவெடுத்தீங்களா? நான் நடந்துக்கிட்டு இருக்கறப்பவே, உக்காரப் போறவன்னு மனசுக்குள்ள வெட்டி வச்சிட்டீங்களா?”

“நல்லதுக்குன்னு நினைச்சுத்தான்...”

“சரி, எழுதினது எழுதினீங்க. லெட்டர் வந்துச்சே, அப்ப சொல்ல வாய் இல்லையா? அஞ்சு மாசமா என் கையில என்ன குத்தினீங்க?”

அவர் தரையைப் பார்த்தார். “சத்து ஊசிதான். கெடுதல் ஒண்ணும் இல்ல. தெருக்கோடி கிளினிக்ல கம்பவுண்டர்கிட்டச் சொல்லி வாங்கினேன்.”

“அந்த நீல மருந்து டப்பா?”

“பழைய டப்பாலதான் போட்டு வச்சேன்.”

குளிர்பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அவள் அந்த நீல டப்பாக்களைப் பார்த்திருக்கிறாள். பால் பாத்திரம் இடிக்காமல் அவற்றை ஓரமாக நகர்த்தி வைத்தது அவள்தான். மின்சாரம் போனபோது, மருந்து கெட்டுவிடுமே என்று பனிக்கட்டி வாங்கி வரச் சொல்லிப் பதறியதும் அவள்தான். பனிக்கட்டி வாங்கப் போனது நாத்தனார்.

“அவளுக்குத் தெரியுமா?”

மாஸ்டர் டீ வழிந்த விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். அது போதாதா? ஒரே தட்டில் தின்றவள். இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு, அவள் ‘கை பழகிடுச்சு’ என்று பாராட்டியதைக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்கள். உடம்பு சொல்லாமல் கொள்ளாமல் கவிழ்க்கும் என்பது பழகிப்போன விஷயம். இவர்கள் கவிழ்ப்பார்கள் என்று அவள் ஒரு நாளும் நினைத்ததில்லை.

“ரெண்டு தடவை இங்க வந்தேன்” என்றார் அவர். “மாத்தி எழுதணும்னா டாக்டர் முன்னால, முதல்ல எழுதினது தப்புன்னு எழுதிக் கொடுக்கணுமாம். அரசாங்கக் காகிதத்துல பொய் எழுதினேன்னு என்னைப் பிடிச்சு உள்ள போட்டுட்டா? கடை என்ன ஆகும், நீ என்ன ஆவ? பயந்துட்டேன்.”

“உங்களுக்காகப் பயந்தீங்க. என் பேரை ஏன் இழுக்கறீங்க?”

“கத்தாத. நாலு பேரு பாக்கறாங்க. டாக்டர்கிட்ட இதைச் சொல்லாத, நான் எப்படியாவது சரி பண்றேன். டாக்டர் புதுசா ஏதாவது மருந்து எழுதிக் கொடுப்பாங்க இல்ல, அதைப் போட்டுக்குவோம்.”

மூளையில் கிருமி தாக்கும் என்று டாக்டர் சொன்னது அவருக்குத் தெரியாதுதான். தெரிந்திருந்தால் இதைச் சொல்லியிருப்பாரா மாட்டாரா என்று அவளால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. இருபது வருடம் குடித்தனம் பண்ணின ஆளைப் பற்றி இந்தச் சின்னக் கேள்விக்குப் பதில் தெரியவில்லையே என்று அங்கேயே அழுகை வந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள். ஜன்னலில் இருந்த ஃபைலை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, வந்த வழியே சுவரைப் பிடித்துக்கொண்டு டாக்டர் அறைக்குத் திரும்பினாள். அவர் பிடிக்க வந்த கையைத் தோளால் தள்ளினாள்.

அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு டாக்டர் அம்மா ஃபைலைப் புரட்டிப் பார்த்தார். பிறகு மாஸ்டரைப் பார்த்துப் பேசினார். “நான் இவங்களுக்கு எந்த மருந்தைக் கொடுக்க இருந்தேன்னு உங்களுக்குத் தெரியுமா? கமிட்டி நிறுத்தினது எனக்கு வரவேயில்ல. ஊசி போட்டும் நோய் கேக்கலைன்னு நம்பித்தான் அதுக்கு எழுத இருந்தேன்.” மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு, அளவு சரியில்லை என்று துணியைத் திருப்பிக்கொண்டு வந்த வாடிக்கையாளர் முன்னால் நிற்கிறதுபோல நின்றார்.

“டாக்டர், ஊசி நிக்காம இருந்திருந்தா எனக்கு இந்தக் கண்ணு போயிருக்காதா?” என்று அவள் கேட்டாள்.

“அதை யாராலயும் சொல்ல முடியாதும்மா. ஊசி போட்டாலும் சில சமயம் வரும். வராமலும் இருந்திருக்கலாம்.”

இதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. இவரால்தான் என்று திட்டித் தீர்க்கவும் வழியில்லை, இல்லை என்று மன்னிக்கவும் வழியில்லை.

பழைய ஊசியைத் திரும்ப வாங்க அன்றைக்கே நடந்து காட்ட வேண்டும் என்றார் டாக்டர். சிஸ்டர் தாழ்வாரத்தில் நாடாவைப் பிடித்து அளந்து சாக்பீஸால் கோடு போட்டாள். இரண்டரைத் தடவை போய் வந்தால் நூறு மீட்டர். காஜாக்கா ஊன்றுகோலோடு புறப்பட்டாள். முதல் தடவை முடிந்தது. இரண்டாவது தடவையின் பாதியில் இடது கால் பின்னிக்கொண்டது. காலைக் கையால் தூக்கி வைக்கப் பார்த்தாள். சிஸ்டர் வந்து தாங்கிப் பிடித்தாள்.

“அறுபது மீட்டர்” என்று சிஸ்டர் எழுதிக்கொண்டாள். படிவத்தில் மாஸ்டர் எழுதியிருந்த முதல் வரி இன்றைக்கு உண்மையாகிப் போயிருந்தது.

“மனசை விடாதீங்க” என்றார் டாக்டர். “மூணு நாள் டிரிப் ஏத்துவோம். தாக்குதல் கொஞ்சம் கொஞ்சமா இறங்கும். ஆறு வாரம் கழிச்சு மறுபடி நடங்க. அதுவரைக்கும் கமிட்டிக்கு நான் எழுதி வைக்கிறேன்.”

மூன்று நாளும் நாத்தனார் காலையும் மாலையும் கஞ்சி கொண்டுவந்தாள். முதல் நாள் வார்டு வாசலிலேயே அழ ஆரம்பித்தாள்.

“அண்ணன் சத்தியம் வாங்கிட்டாரு அண்ணி. எனக்கு வேற போக்கிடம் இருக்கா? அவரு வெளிய போன்னு சொல்லிட்டா நான் எங்க போவேன்?”

“நான் போகச் சொல்ல மாட்டேன்னு உனக்குத் தெரியும். அதனாலதான் என்னை ஏமாத்தறது உனக்குச் சுலபமா இருந்துச்சு.”

“ஒவ்வொரு ஊசிக்கும் சொல்லிடலாம்னுதான் நினைப்பேன். நீங்க சிரிச்ச முகமா இருப்பீங்க. வாய் வராது.”

“கஞ்சியை வச்சிட்டுப் போ. ஆறிடும்.”

அவள் கஞ்சியைக் குடித்தாள். பசித்தது, குடித்தாள், அதைச் சமாதானம் என்று நாத்தனார் எடுத்துக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தபோது, விளக்கம் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை.

வீட்டுக்கு வந்தபிறகு பேச்சு கத்தரித்து வைத்த துணிபோல ஆயிற்று. சாப்பாடு ஆச்சா, ஆச்சு. தண்ணி வேணுமா, வேணாம். மாஸ்டர் அவள் முன்னாலேயே நீல டப்பாக்களைக் கொண்டுபோய்க் குப்பையில் போட்டார். கழுத்துக்கு ஈரத்துணி நனைத்துக் கொடுத்தார். அவள் வாங்கிச் சுற்றிக்கொண்டாள். கால் நிஜமாகவே கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. கண் திரும்பவில்லை. ஒரு நாள் ஒரு கோட்டை மடியில் போட்டுக்கொண்டு ஒரே ஒரு காஜா போட்டுப் பார்த்தாள். கட்டு கோணிக்கொண்டு போயிற்று. பிரித்துவிட்டு, கோட்டை மிஷின் காஜாவுக்குக் கொடுத்துவிடச் சொல்லி நாத்தனாரிடம் நீட்டினாள். மூன்று பேரும் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆறாவது வாரம் புதன்கிழமை, அதே தாழ்வாரம். அவள் நடந்தாள். இரண்டு இடத்தில் நின்றாள், விழவில்லை. நூற்றுப் பத்து என்று சிஸ்டர் சத்தமாகச் சொன்னபோது, சுவரோரம் உட்கார்ந்திருந்த மாஸ்டர் எழுந்து கையைக் கூப்பினார். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. அது நடிப்பில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் மனம் இளகவில்லை.

சிஸ்டர் புதுப் படிவத்தை மேஜையில் விரித்தாள். “ஊசி அடுத்த வாரம் வந்துடும்க்கா. வீட்ல உங்களைப் பார்த்துக்கிறது யாரு? போன தடவை மாதிரி சார்தானே?”

மாஸ்டர் பழக்கத்தில் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திருகினார்.

“மாடி ஏத்தறதுக்கு, பஸ் பிடிக்கறதுக்கு, துணி துவைக்கறதுக்கு இவர் பேரை எழுதிக்குங்க சிஸ்டர்” என்றாள் காஜாக்கா. “அதுல ஒரு குறையும் சொல்ல முடியாது. ஊசி போடறதுக்கும், லெட்டர் வாங்கறதுக்கும் என் பேரை எழுதுங்க.”

“உங்களுக்கு ஊசியைப் பார்த்தாலே ஆகாதேக்கா? பேஷண்ட்டே போட்டுக்கிறதுன்னா, இங்க என் முன்னால ஒரு தடவை போட்டுக் காட்டணும்.”

“கொடுங்க.”

சிஸ்டர் பயிற்சிக்கு வைத்திருந்த உப்புநீர் ஊசியைக் கொடுத்து, தொடையில் எங்கே, எவ்வளவு சாய்த்து என்று விரலால் காட்டினாள். காஜாக்கா வாங்கிக்கொண்டாள். முனை ஒரு கண்ணுக்குச் சரியாகப் பிடிபடவில்லை. இரண்டு தடவை கிட்டே கொண்டுபோய் விலக்கினாள்.

மாஸ்டரால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. “நான் பிடிச்சுக்கறேம்மா” என்று குனிந்தார். “போடறது நீதான், கையை மட்டும் பிடிச்சுக்கறேன்.”

“நீங்க கொஞ்சம் சுவர்ப்பக்கம் திரும்பிக்குங்க” என்றாள் அவள்.

அவர் திரும்பி நின்றார். அவள் பார்த்துக்கொண்டே குத்தினாள்.